வெர்லின் திரும்ப வாங்கிய பந்து

ஆர்டனில் இன்றைக்கும் வெர்லின் ஹைஸ்மன் பெயரை எடுத்தால், பேசிக்கொண்டிருப்பவர்கள் காப்பிக் கோப்பைக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். யாரும் திட்ட மாட்டார்கள். ஐயோவாவின் இந்த மூலையில் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்கிற வழக்கமே கிடையாது. பிடிக்கவில்லையென்றால், "அது கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு" என்போம். அதற்கு நாலு வார்த்தை வைதுவிட்டால்கூடத் தேவலை, கேட்கிறவனுக்குத் தூக்கமாவது வரும்.

நான் அந்த ரகம் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன் என்று ஊருக்கே தெரியும். என் பெயர் ஆர்டிஸ். வெர்லின் என் தங்கை நோரீனின் புருஷன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவர். அதனால் நேரில் இன்றுவரை நீ, வா, போதான். மைதானத்தில் அடிக்கிற இடத்துக்குப் பின்னால் வலை கட்டியிருக்கிறதே, அதை ஒட்டின மாதிரி இருக்கிற தின்பண்டக் கடையை நான்தான் நடத்துகிறேன். அன்றைக்கு நடந்தது எல்லாம் என் கடை ஜன்னலுக்கு நேர் எதிரே நடந்தது.

வெர்லினுக்குத் தானியக் கிடங்கில் வேலை. சோளம் ஏற்றி வரும் லாரிகளை எடைமேடையில் நிறுத்தி, ஈரம் பார்த்து, கொட்டுகிற இடத்துக்கு அனுப்புவார். சாயங்காலமானால் பள்ளிக்கூடத்துப் பேஸ்பால் அணிக்குக் கோச். எங்கள் மாநிலத்தில் மட்டும் பள்ளிக்கூட பேஸ்பால் கோடையில் நடக்கும். படிப்பை முடித்துவிட்ட பையன்கள்கூட ஜூலை வரைக்கும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். மைதானத்துப் புல்லை வெட்டுவதும் வெர்லின், சுண்ணாம்புக் கோடு போடுவதும் வெர்லின், மழை பெய்தால் தார்ப்பாய் இழுப்பதும் வெர்லின். தலைமுறை ஒன்றுக்கு மேல் இதைச் செய்தும், எங்கள் அணி ஒரு தடவைகூட மாநிலப் போட்டிக்குப் போனதில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறது. அந்த மனுஷனுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

இடது கையால்தான் தலை வாருவார். வலது கை தோளுக்கு மேல் தூக்க வராது. அவரும் ஒரு காலத்தில் பந்து எறிகிற பிட்சர்தான். பந்தை எறிந்தால் எதிரே நிற்பவன் மட்டையைத் தூக்குவதற்குள், அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கிற கேட்சர் கையில் இருக்கும். பதினெட்டு வயதில் ஒரு ஆட்டம். மழை வந்து வந்து நின்றது. ஒவ்வொரு தடவை மழை விடும்போதும் வேலியோரம் போய் எறிந்து எறிந்து தோளைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். அப்புறம் ஆட்டம் தொடங்கி இரண்டாவது இன்னிங்ஸில் தோளுக்குள் ஏதோ அறுந்த சத்தம். உட்கார்ந்திருந்த எங்களுக்கே கேட்டது என்று நோரீன் சொல்வாள். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்து பேசினதில்லை.

இப்போது கோல்பி விஷயத்துக்கு வருகிறேன். கோல்பி ரென்ட்ஸ், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தான். அம்மா ஷானா, முட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அப்பன் எங்கேயோ போய்விட்டான். இந்த ஊரில் இப்படி ஒரு பிட்சர் பிறந்து ரொம்பக் காலம் ஆயிற்று. நெட்டையாய், ஒல்லியாய் இருப்பான், பேச்சு குறைவு. அவன் எறிகிற வளைபந்து இருக்கிறதே, வயிற்றுக்கு நேரே வருகிற மாதிரி வந்து முட்டிக்குக் கீழே இறங்கிவிடும். எதிரணிப் பையன்கள் காற்றை அடித்துவிட்டு அசடு வழிவார்கள். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் பொறுக்குகிறவர் ஒருவர் வேகம் அளக்கிற கருவியோடு வந்து பார்த்துவிட்டு, "பெரிய ஆட்டத்துல எப்படி எறியறான்னு ஒரு தடவை பாக்கணும்" என்று சொல்லிப் போயிருந்தார். அது நடந்தால் படிப்புக்கு ஒரு காசு கட்ட வேண்டாம். ஷானாவால் வேறு எந்த வழியிலும் அவனைக் கல்லூரிக்கு அனுப்ப முடியாது. இது அவனுக்குத் தெரியும், வெர்லினுக்கும் தெரியும்.

அந்த வருஷம் தகுதிச் சுற்று ஆட்டங்களில் வெர்லின் ஒரு காரியம் செய்தார். கோல்பியை எறிய விடவே இல்லை. முதல் ஆட்டத்துக்கு ஒரு பையன், இரண்டாவதுக்கு மூன்று பையன்கள் மாற்றி மாற்றி. ஒரு பிட்சர் நிறையப் பந்து எறிந்துவிட்டால் அடுத்து நாலு நாள் அவனை இறக்கக் கூடாது என்று மாநில விதி. மாநிலப் போட்டிக்கு அனுப்புகிற கடைசி ஆட்டம் மார்ஷ்ஃபெல்ட் அணியோடு என்று வெர்லின் முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டார். அவர்களை அடக்க கோல்பியால்தான் முடியும்.

"புதுத் தட்டு வாங்கி அலமாரியில வச்சு அழகு பாக்கற மாதிரி இருக்கு, வெர்லின்" என்று கென்ட் ஹோல்ஸ்ட் என் கடை முன்னாலேயே கிண்டல் பண்ணினான். விதை வியாபாரி. பள்ளி நிர்வாகக் குழுத் தலைவன், போதாததற்குக் கட்சிக்கு இந்த வட்டாரத்தில் அவன்தான் எல்லாம்.

"விருந்தாளி வர்றப்ப எடுக்கலாம்" என்றார் வெர்லின்.

இரண்டு ஆட்டத்தையும் தட்டுத் தடுமாறி ஜெயித்தோம். கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்துக்கே விழுந்தது. ஊரே பைத்தியமாகிவிட்டது. பன்றி இறைச்சி பர்கருக்கு நான் வழக்கத்தைவிட மூன்று பங்கு இறைச்சி சொல்லிவைத்தேன்.

அங்கேதான் அரசியல் வந்து நுழைந்தது. நாட்டுக்கு அதிபராக ஆசைப்படுகிற அத்தனை பேரும் முதலில் எங்கள் சோளக்காட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். தேர்தலுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். கண்காட்சியில் குச்சியில் குத்தின சோளம் தின்பார்கள், கன்றுக்குட்டியைத் தடவுவார்கள். நாமும் கை கொடுத்து, சொல்வதையெல்லாம் கேட்டு, காப்பி ஊற்றுவோம். வந்தவரை நிற்க வைத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பது என்பது எங்களுக்கு வராது. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டால் காத்திருப்போம். அதுதான் எங்களைக் கெடுத்தது.

மேற்கேயிருந்து விட்லாக் என்று ஒரு கவர்னர், அவரும் அதிபர் போட்டியில் இருந்தார். கருத்துக் கணிப்பில் எல்லாருக்கும் கடைசி. கென்ட் அவரைப் பிடித்து, ஆட்டத்தின் முதல் பந்தை எறிந்து தொடங்கிவைக்க ஏற்பாடு பண்ணிவிட்டான். கூடவே தொலைக்காட்சிக்காரர்கள்.

ஏழு மணி ஆட்டம். ஆறே முக்காலுக்கு கோல்பி வேலியோரம் எறிய ஆரம்பித்தான். மெதுவாக நாலு, அப்புறம் வேகமாக. கையிலிருந்து பந்து போகிற சத்தத்துக்கே கூட்டம் கை தட்டியது. பல்கலைக்கழகத்து ஆள் மடக்கு நாற்காலியை வலைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என்னிடம் எலுமிச்சைச் சாறு வாங்கிக் குடித்தார், மிச்சச் சில்லறையை வேண்டாம் என்றார். நல்ல மனுஷன்.

ஏழு ஆனது. கவர்னர் வரவில்லை. கென்ட் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெர்லினிடம் ஓடினான்.

"முந்தின ஊர்ல கொஞ்சம் நேரமாயிடுச்சாம். இருபது நிமிஷம். பொறுத்துக்கலாம்ல?"

அம்பயரும் வெர்லினைப் பார்த்தார். வெர்லின், "வர்றவங்க வரட்டும்" என்றார்.

கோல்பி உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் கென்ட் மறுபடி வந்தான். "நெடுஞ்சாலையில இருந்து திரும்பிட்டாங்களாம். அவங்க உள்ள வர்றப்ப பையன் எறிஞ்சிட்டு இருந்தா கேமராவுக்கு நல்லா இருக்கும்னு சொல்றாங்க." கோல்பி மறுபடி எழுந்து போய் எறிந்தான். சாலையில் திரும்பி உள்ளே வந்தது கவர்னர் இல்லை. ஒரு டிராக்டர். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ஷ்ஃபெல்ட் கோச் இருக்கிறானே, அவன் விவரமான ஆள். விருந்தோம்புகிற ஊர் அவனுடையது இல்லையே! தன் பிட்சரைக் குளிர்சாதனப் பேருந்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டான். "கவர்னர் கண்ணுல பட்டதும் என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். எங்கள் பையன்கள் மட்டும் சட்டையைச் செருகிக்கொண்டு கோட்டில் வரிசையாக நின்றார்கள்.

வெயில் இறங்கிக் காற்று சில்லென்று வீசத் தொடங்கியது. மூன்றாம் தடவை கோல்பி எறியப் போனபோது வெர்லின் வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தார். நானும் ஜன்னலில் சாய்ந்து பார்த்தேன். பந்து வேகமாகத்தான் போனது. ஆனால் நடுவில் ஒரு தடவை பையன் முழங்கையைப் பிடித்து லேசாக உதறினான். உதறிவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தான்.

எட்டேகாலுக்குக் கவர்னர் வந்தார். பாவம், களைத்துப் போன ஆள். சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. தாமதத்துக்கு மன்னிக்கச் சொன்னார், நாங்கள் அத்தனை பேரும் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றோம். மைதானத்து நடுவே பிட்சர் நிற்கிற மேட்டுக்குப் போய் ஒரு பந்து எறிந்தார். அது பாதி தூரம் போய்த் தரையில் உருண்டது. எல்லாரும் கை தட்டினோம். பிறகு கோல்பியின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கோல்பி பந்தை வாங்கிக்கொண்டு மேட்டில் நின்றான். அம்பயர் முகமூடியை மாட்டினார்.

அப்போது வெர்லின் பெஞ்சை விட்டு எழுந்து மேட்டுக்கு நடந்தார். ஏதோ காதில் சொல்லப் போகிறார் என்று நினைத்தோம். கையை நீட்டினார்.

"பந்தைக் குடு."

"எதுக்கு, கோச்?"

"இன்னைக்கு நீ எறிய வேண்டியதெல்லாம் எறிஞ்சிட்ட."

"ஒரு பந்துகூட இன்னும் எறியலையே!" பையனின் குரல் உடைந்தது. "கணக்குல ஒண்ணுகூட இல்ல, கோச்!"

"விதியில கணக்கு இல்லப்பா. உன் தோள்ல இருக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. சத்தியமா!"

வெர்லின் நீட்டின கையை மடக்கவில்லை. கோல்பி பந்தை அந்தக் கையில் வைத்தான். வைத்தான் என்றா சொன்னேன், அறைந்தான். வெர்லின் அவனை முதல் பேஸ் என்கிற ஓட்ட முனையைக் காக்க அனுப்பிவிட்டு, ஈவான் என்கிற பத்தாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டார். அந்தக் குழந்தைக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

மைதானத்தில் சத்தம் போடாத ஜனங்கள் நாங்கள். அன்றைக்கு ஒரு மாதிரி முனகல் எழுந்தது. பல்கலைக்கழகத்து ஆள் ஒரு இன்னிங்ஸ் பொறுத்துப் பார்த்தார். பிறகு கருவியைப் பையில் வைத்து, நாற்காலியை மடக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். ஷானா மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கார் கிளம்பி, சாலையில் ஏறி, விளக்கு மறைகிற வரைக்கும் அவள் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, ஈவான் உயிரைக் கொடுத்து எறிந்தான். கோல்பியும் கோபத்தையெல்லாம் மட்டையில் காட்டி ஒரு பந்தை வேலிக்கு வெளியே சோளத்துக்குள் அனுப்பினான். ஆட்டம் சமமாக நின்றது. கடைசி இன்னிங்ஸ். ஈவானுக்குக் கை ஓய்ந்துவிட்டது. மார்ஷ்ஃபெல்ட் ஆள் ஒருவன் மூன்றாவது பேஸில் நிற்கிறான், இன்னும் ஒரு ஓட்டம் ஓடினால் ரன். கென்ட் வேலிக்கு மேல் எக்கி நின்றான்.

"வெர்லின், பிடிவாதம் போதும். இப்பவாவது அவனை விடு. ஊருக்காக விடு."

வெர்லின் திரும்பவில்லை. கோல்பியே முதல் பேஸிலிருந்து ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு அவரிடம் வந்தான்.

"ரெண்டே பேர், கோச். ரெண்டு பேரை மட்டும் அவுட் பண்ணிட்டு வந்துடறேன். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்."

வெர்லின் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அந்த மனுஷனுக்கு அப்போது என்ன வயதாகியிருந்தது தெரியுமா? அடுத்த வருஷம் இப்படி ஒரு பையன் கிடைக்கப் போவதில்லை. பத்து வருஷம் பொறுத்தாலும் கிடைக்கப் போவதில்லை. "சரி" என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் வாழ்நாள் முழுக்கப் புல் வெட்டினார். நான் பர்கர் திருப்புகிற கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, சொல்லு, சொல்லித்தொலை என்று மனசுக்குள் கத்தினேன்.

"இல்ல" என்றார்.

அடுத்த பந்து அடிபட்டு, எங்கள் பையன் ஒருவனின் கால்களுக்கு நடுவே உருண்டு போனது. அப்புறம் எங்கள் முறையில் ஒன்றும் எடுக்க முடியாமல், ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். ஈவான் மேட்டில் போய் உட்கார்ந்து அழுதான். கோல்பி போய் அவனைத் தூக்கி, தோளோடு அணைத்துக்கொண்டு பெஞ்சுக்குக் கொண்டுவந்தான். வெர்லின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அம்மாவோடு போய்விட்டான்.

கூட்டம் கலைந்த பிறகுதான் கவனித்தேன், அந்தக் கவர்னர் இன்னும் போகவில்லை. என் கடையோரம் நின்று பர்கர் தின்றுகொண்டே ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்திருக்கிறார். ஜனங்கள் பேசினதெல்லாம் காதில் விழுந்திருக்கும். வெர்லின் மட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கவர்னர் அவரிடம் போனார்.

"என்னாலதான் தோத்தீங்களா?"

எங்கள் ஊரில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு. சேச்சே, அதெல்லாம் இல்லீங்க, நீங்க வந்ததே பெரிசு. கென்ட் அதைச் சொல்ல வாயைத் திறந்தும்விட்டான்.

"ஆமா" என்றார் வெர்லின். "உங்களால. காத்திருக்கறேன்னு ஒத்துக்கிட்ட என்னாலயும்தான்."

கவர்னர் தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் கேமரா எதுவும் இல்லை. "மன்னிச்சுடுங்க" என்றார். வெர்லின் தலையசைத்தார். கவர்னர் போய்விட்டார்.

அதற்கப்புறம் எங்கள் ஊர் வழக்கப்படி எல்லாம் அமைதியாக நடந்தது. இலையுதிர் காலத்தில் நிர்வாகக் குழு கூடி, வெர்லினின் நீண்ட சேவைக்கு நன்றி தெரிவித்தது. கேக் வெட்டினார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். விலக்கிவிட்டோம் என்று எவனும் சொல்லவில்லை. சாலையில் எதிரே வண்டி வந்தால் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது இங்கே வழக்கம். தெரிந்தவனோ தெரியாதவனோ, விரல் தூக்காமல் யாரும் போக மாட்டோம். வெர்லின் வண்டிக்கு விரல் தூக்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். கோல்பி பன்றிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தினமும் காலையில் இருவர் வண்டியும் கிடங்குச் சாலையில் எதிரெதிரே வரும். வெர்லின் விரலைத் தூக்குவார். பையன் நேரே பார்த்துக்கொண்டு போய்விடுவான்.

பல்கலைக்கழகத்து ஆள் திரும்ப வரவில்லை. அவருக்கு ஆயிரம் ஊர், ஆயிரம் பையன்.

ஷானா மட்டும்தான் நேருக்கு நேர் கேட்டாள். தபால் நிலையத்தில், நானும் நோரீனும் கூட இருக்கும்போது. "உன் கை போச்சுன்னு என் பையன் கையைக் கட்டிப் போட்டுட்டியே, வெர்லின். அவன் கை வேற, உன் கை வேறன்னு உனக்குத் தோணவே இல்லையா?"

வெர்லின் தபாலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வண்டியில் ஏறின பிறகு நோரீனிடம், "அவ சொல்றது நெஜமா இருக்கலாம்" என்றாராம். "எனக்கே தெரியல. அவன் எறிஞ்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதோ என்னவோ." அன்றைக்கெல்லாம் அவர் சாப்பிடவில்லை என்று என் தங்கை அழுதாள். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், தான் செய்தது சரியா என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடியவன் அந்தப் பையன் ஒருத்தன்தான். அவனோ விரல்கூடத் தூக்குவதில்லை.

பிப்ரவரியில் காகஸ் கூட்டம் வந்தது. அதிபர் வேட்பாளராக யார் நிற்க வேண்டும் என்று நாங்கள் சீட்டில் எழுதிப் போடுவதில்லை. பள்ளிக்கூட ஜிம்முக்குள் எல்லாரும் போவோம். சுவரில் ஆளுக்கொரு மூலையில் வேட்பாளர்களின் தட்டி தொங்கும். நமக்கு வேண்டியவரின் தட்டிக்குக் கீழே போய் நிற்க வேண்டும். ஊரே பார்க்க, கால் வலிக்க வலிக்க. தலையை எண்ணுவார்கள். ஒரு மூலையில் ஆள் போதவில்லையென்றால் அந்த மூலை செல்லாது. அவர்கள் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். அதனால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஆள் இழுக்கத் தின்பண்டமெல்லாம் கொண்டுபோவோம்.

வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே ஈரக் கோட்டு வாசனை. கென்ட் பெரிய கூட்டத்தோடு நடுவில் நின்றான். விட்லாக்கையெல்லாம் அவன் எப்போதோ கைகழுவிவிட்டான், ஜெயிக்கிற ஆளோடு இருந்தான். அவனுக்குப் பின்னால் படிகளில் ஷானாவும் கோல்பியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எனக்குப் பிடித்த ஒரு பெண் செனட்டரின் மூலையில் இருந்தேன்.

விட்லாக் தட்டி, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே ஒரு பக்கம் ஒட்டு விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. வெர்லின் உள்ளே வந்தார், பூட்ஸிலிருந்து பனியைத் தட்டினார், நேரே போய் அந்தத் தட்டிக்குக் கீழே நின்றார்.

ஜிம்மில் தலைகள் அவர் பக்கம் திரும்பின.

"வெர்லின், அந்த மூலையில ஹீட்டர்கூட வேலை செய்யாது. வந்துடு இங்க!" கென்ட் கூவினான். சிரித்தார்கள். வெர்லினும் கொஞ்சம் சிரித்தார், ஆனால் நகரவில்லை. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தனியாக நின்றார். அத்தனை பெரிய ஜிம்மில் ஒரு மனுஷன் தனியாக நிற்பதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. எனக்குக் கோபம் வேறு. இந்தக் கவர்னரால்தானே எல்லாம் போயிற்று, இவருக்குப் போய் என்ன விசுவாசம் வேண்டிக்கிடக்கிறது!

ஓட்ஸ் சாக்லேட் துண்டுகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"ரெண்டு எடுத்துக்கோ. எடுத்துக்கிட்டு மரியாதையா என் மூலைக்கு வா. ஊர் சிரிக்குது."

"சிரிக்கட்டும், ஆர்டிஸ். நல்லதுதானே" என்று ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். வரவில்லை.

கூட்டத் தலைவி, எங்கள் நூலகத்து அம்மா, எண்ணத் தொடங்கப் போவதாக ஒலிபெருக்கியில் சொன்னார். அப்போது படிகளில் பலகை கிறீச்சிட்டது. கோல்பி எழுந்து நின்றான். ஷானா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டு இறங்கினான். அந்தப் பளபளப்பான தரையில் பூட்ஸோடு நடக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறோம். நட்ட நடுவே நடந்து வந்தான். ஈரக் காலடி பின்னாலேயே வந்தது. கென்ட், "டேய், எங்கடா?" என்றான். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வந்து வெர்லினுக்குப் பக்கத்தில், ஒரு கை தூரம் விட்டு, சுவரில் சாய்ந்து நின்றான். நான் தட்டோடு அங்கேயே நின்றேன். எங்கே போவது என்று எனக்குத் தோன்றவில்லை.

கோல்பி அண்ணாந்து தட்டியைப் பார்த்தான்.

"இந்த ஆளுதானே லேட்டா வந்தது?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு இவருக்கு நிக்கறீங்க?"

"தன்னாலயான்னு வந்து கேட்டாரு" என்றார் வெர்லின். "சொன்னதைக் காது குடுத்துக் கேட்டுக்கிட்டாரு. வேற யாரும் என்கிட்ட எதுவும் கேக்கல."

கோல்பி தரையைப் பார்த்தான்.

"நான் இவருக்காக வரல. நீங்க தனியா நிக்கறதைப் பாத்துக்கிட்டு அங்க உக்கார முடியல. அவ்வளவுதான். எனக்குக் கோபம் போகல, கோச்."

"தெரியும்."

ஒலிபெருக்கியில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. வெர்லின் அந்தப் பையனின் வலது தோளைப் பார்த்தார். கேட்கலாமா வேண்டாமா என்று அவர் தடுமாறுவது எனக்குத் தெரிந்தது.

"கை எப்படி இருக்கு?"

கோல்பி வலது கையை மெதுவாகத் தலைக்கு மேலே தூக்கினான். முழுசாக, நேராக. ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நல்லா இருக்கு. ஒரு வலியும் இல்ல. ஒரு நாள்கூட வலிச்சதில்ல" என்றான். "நீங்க செஞ்சது சரின்னும் சொல்ல முடியல, தப்புன்னும் சொல்ல முடியல. அதுதான் எனக்குக் கோபமே."

வெர்லின் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன். ஆள் போதாத மூலையில் இருப்பவர்கள் கலைந்து போகலாம் என்று நூலகத்து அம்மா அறிவித்தார். அவர்கள் இருவரும் போகவில்லை.